அவ்னெர் எந்தப் படத்தைக் கொடுத்திருப்பார்?

குயின்ஸ், நியூயார்க்
12 நவம்பர் 1996

அன்புள்ள தம்பி நெரியோவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் ரேனாவும் குழந்தைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு என்ன செய்ய? கோடைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இந்தக் கடிதத்தை மருந்துக்கடை இல்யாவின் மருமகன் கொண்டுவருகிறான். கூடவே ஒரு பொட்டலம் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பளிக் காலுறை உன் பெண் மசாலுக்கு. அவள் கால் இன்னும் வளர்ந்திருந்தால் ரேனா போட்டுக்கொள்ளட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வந்து குடியேறிய நம் யூதர்கள் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். நம் கல்யாணங்களைப் படமெடுத்தவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு படம் கொடுக்க வேண்டும். அவரவருக்கு மிகப் பிடித்த படம், அவரவரே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். சமர்கந்து, புகாரா, தாஷ்கண்ட், கோகந்து எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. அமெரிக்கப் பையன் ஒருவனும் இருக்கிறான். படங்களைச் சேர்த்துக் கீழே இரண்டு வரி எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. சுவர் அளக்க, ஆணி அடிக்க எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ரோஷேல் என்பவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். கோகந்துக்காரர்.

பெண்கள் சடங்குகளைப் படமெடுத்தவள் என்று நானும் ஒன்று கொடுக்கிறேன். உன் படம் ஒன்று வேண்டும். அவ்னெர் படமும் ஒன்று வேண்டும். இங்கேதான் சிக்கல். "செத்துப்போனவர் எப்படிம்மா தேர்ந்தெடுப்பார்?" என்று கேட்டார்கள். "அவர் பொண்டாட்டியும் தம்பியும் சேர்ந்து சொல்லுவோம்"னு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நெகட்டிவ் எல்லாம் ஸ்டுடியோவில் உன்னிடம்தான் இருக்கிறது. உன் அண்ணன் எந்தப் படத்தைக் கொடுத்திருப்பார்? பதினெட்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. அது இரண்டு நாளாக மனதை அரிக்கிறது.

உன் அண்ணி,
சிபோரா


சமர்கந்து
20 டிசம்பர் 1996

அன்புள்ள அண்ணிக்கு,

பணிவான வணக்கம். காலுறை மசாலுக்குப் பத்தவில்லை. ரேனாவுக்குப் பத்தியது. அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாரமாக எல்லோரிடமும் காலை நீட்டி நீட்டிக் காட்டுகிறாள்.

எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான். கூடவே வேலையும். கல்யாணம் எங்கே? நம் மஹல்லாத் தெருக்களில் போன வருஷம் மொத்தம் இரண்டு. மற்றபடி கடவுச்சீட்டுப் படம், கடவுச்சீட்டுப் படம். குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து, "நெரியோ, நல்லா எடுப்பா, அங்க போய் இதைத்தான் காட்டணும்" என்கிறார்கள். போகிறவர்களை எல்லாம் கடைசியாக உற்றுப் பார்ப்பவன் நான்தான்.

உங்கள் கேள்வி என்னையும் பிடித்துக்கொண்டது. அண்ணன் பெட்டிகளை எல்லாம் இறக்கினேன். மேசைமேல் விளக்கு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் அழகு. ஆனால் எதைப் பார்த்தாலும் "இதை ஊருக்காக எடுத்தார்" என்றுதான் தோன்றியது.

பிறகு இருட்டறைக்குள் போனேன். படம் பெரிதாக்கும் என்லார்ஜருக்கு மேலே பலகையில் ஒரு படம் குத்தியிருந்தது. இத்தனை வருஷம் அதற்குக் கீழேதான் நின்று வேலை செய்திருக்கிறேன். சிவப்பு விளக்கில் யார் எதைப் பார்க்கிறார்கள்! வெளியே கொண்டுவந்து பார்த்தேன். 1984 வசந்தம். பூலோருக்கும் யோஹாய்க்கும் நடந்த கல்யாணம். தலைக்குமேல் நாலு பேர் பிரார்த்தனைச் சால்வையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். கீழே மாப்பிள்ளையும் பெண்ணும். சடங்கை நடத்தும் ரப்பி கையில் கிண்ணம்.

அண்ணி, அந்தப் படத்தில் ஒருவர் விடாமல் எல்லோரும் இடப்பக்கம் மேலே பார்க்கிறார்கள். வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறார்கள். மாப்பிள்ளை பார்க்கிறார். ரப்பியும் பார்க்கிறார், கிண்ணத்திலிருந்து திராட்சை ரசம் அவர் அங்கியில் ஊற்றுகிறது. பெண் மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதுவும் நம் ஊர்க் கல்யாணப்பெண் சிரிக்கிற சிரிப்பே இல்லை. பல் தெரிய, தோள் குலுங்க ஒரு சிரிப்பு.

எதைப் பார்க்கிறார்கள்? நான் அன்று வேறு கல்யாணத்தில் இருந்தேன். நீங்கள் அங்கே இருந்தீர்களா?

படத்தின் நகல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
நெரியோ


குயின்ஸ்
25 ஜனவரி 1997

அன்புள்ள நெரியோவுக்கு,

படம் கிடைத்தது. நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். அவர் இரவு வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அவர் என்றைக்கு என்ன சொன்னார்!

இதை அவர் தேர்ந்தெடுத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ரப்பி ரசத்தைச் சிந்திக்கொண்டு நிற்கிற படத்தை ஊர் பார்க்கும் சுவரில் மாட்டுகிற ஆளா உன் அண்ணன்? இருந்தாலும் படத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ரோஷேலிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு அவங்க எதைப் பாக்குறாங்கன்னு தெரிய வேண்டாம், இந்தப் பொண்ணு எதுக்குச் சிரிக்குதுன்னு சொல்லுங்க போதும்" என்றார். அதுவும் ஒரு கேள்விதான்.

மற்றவர்கள் கொடுத்த படங்களைப் பற்றிச் சொல்கிறேன், நீ ரசிப்பாய். புகாராக் கிழவர் ஹனானியா கொடுத்தது வெறும் கால்கள். சால்வைக்குக் கீழே, யார் முந்தி யார் காலை மிதிக்கிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்று போட்டி போடுவார்களே, அந்த நொடி. வெள்ளைச் செருப்பு கறுப்பு பூட்ஸை நசுக்குகிறது. "முகமெல்லாம் பொய் சொல்லும், கால் சொல்லாது" என்கிறார். தாஷ்கண்ட் ஜீனா கொடுத்தது பிளாஷ் எரியாமல் போன ஒரு படம். கன்னங்கரேல் என்று இருக்கிறது. நடுவில் ஒரு மெழுகுவர்த்தியும் யாரோ ஒருவர் மோவாயும் மட்டும்தான் தெரிகிறது. ஏன் இதென்று கேட்டேன். "மத்ததெல்லாம் நான் எடுத்தது. இது ஒண்ணுதான் தானா வந்துச்சு" என்றாள். அமெரிக்கப் பையன் கொடுத்ததில் பெண்ணும் மாப்பிள்ளையும் கடற்கரையில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹனானியா கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, "பாவம், யாரு துரத்துறாங்க?" என்று கேட்டார்.

என்னுடையதை முடிவு செய்துவிட்டேன். பெண்ணுக்குப் புருவம் எடுக்கும் சடங்கு. நீங்கள் ஆண்கள் உள்ளே வர முடியாத இடம். ஒரு புருவம் நூலால் எடுத்து வில்லாக இருக்கிறது. மற்றது இன்னும் அடர்த்தியாக, வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறது. அவள் கண்ணாடியைப் பார்த்துத் திகைக்கிறாள். முகத்தில் பாதி அம்மா வீட்டில், பாதி மாமியார் வீட்டில். ரோஷேலுக்கும் இதுதான் பிடித்தது.

உன் படம் எங்கே? வீட்டில் எரிவாயு வருகிறதா? இங்கே அரிசி சரியில்லை. கொத்தமல்லி போட்டுப் பச்சைச் சோறு ஆக்கினால் களியாகிறது. ரோஷேல் ஒரு கடை சொன்னார், போய்ப் பார்க்க வேண்டும்.

அண்ணி,
சிபோரா


சமர்கந்து
3 மார்ச் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

நான் துப்பறிய இறங்கிவிட்டேன். கேளுங்கள்.

முதலில் யோஹாயின் சித்தியிடம் போனேன். படத்தில் மூன்றாவதாக நிற்கிறாள். "அதுவா! மொட்டை மாடியில பசங்க ஏறி நின்னாங்க. மண் கூரை இல்லையா, பொளந்துக்கிச்சு. ஒருத்தன் கால் தொங்குது. நான் என் கண்ணால பாத்தேன்" என்றாள். சரி, முடிந்தது என்று வந்துவிட்டேன்.

மறுநாள், அந்தக் கல்யாணத்தில் மேளம் வாசித்த இஸ்ரோவைச் சந்தையில் பார்த்தேன். "கூரையா? எந்தக் கிறுக்கச்சி சொன்னா? நாரைடா நாரை! இவ்வளவு பெருசு. வந்து பந்தலுக்கு நேர் மேல உக்காந்துச்சு. கல்யாணத்துல நாரை வந்தா எட்டுப் பிள்ளைன்னு நான்தான் சத்தமா சொன்னேன்" என்றான்.

பக்கத்து வீட்டுத் தாஜிக்காரர் ஷரீப் அண்ணன் இரண்டையும் கேட்டுச் சிரித்தார். "சோவியத் ஆட்சியில ரப்பியை வச்சுக் கல்யாணம்னா பயம், வாசல்ல ஆள் நிறுத்துவாங்க தம்பி. எங்க மச்சான்தான் மாடியில காவல் நின்னான். போலீஸ் வருதுன்னு கையைக் காட்டினான். அதான் எல்லாம் திரும்புச்சு." போலீஸ் வந்ததா என்று கேட்டேன். "வரலை. ஆனா காட்டினான்."

மூன்று பேர் சொல்வதும் மூன்று விதம். மூவரும் சத்தியம் செய்கிறார்கள். ரேனா சொல்கிறாள்: "நாலாவது ஆளைக் கேளுங்க, விமானம்பாங்க." கேட்டேன். விமானம் என்றான்.

பூலோர் இப்போது உங்கள் ஊரில்தான் எங்கேயோ இருக்கிறாளாம். கண்டுபிடியுங்கள் அண்ணி. எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் படத்தை அனுப்புகிறேன். சம்பந்திகள் இரண்டு பேர், காலையிலிருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தவர்கள், விருந்து முடிந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். ஒருவர் வாயில் இன்னும் ரொட்டித் துண்டு இருக்கிறது. இதைவிட நல்ல படங்கள் எடுத்திருக்கிறேன். இதைவிடப் பிடித்த படம் இல்லை.

கடைசியாக ஒன்று. போன கடிதத்தில் ரோஷேல் என்ற பெயர் எண்ணாமலேயே பல தடவை கண்ணில் பட்டது. படம் பார்க்கிறார், அரிசிக்கடை சொல்கிறார். ஆணி அடிப்பதாகத்தானே சொன்னீர்கள்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்துகொள்ளும் ஆசைதான். ரேனாவுக்கு என்னைவிட அதிகம்.

உங்கள் நெரியோ


குயின்ஸ்
6 ஏப்ரல் 1997

அன்புள்ள நெரியோவுக்கு,

பூலோரைக் கண்டுபிடித்தேன். ரொட்டிக்கடையில் விசாரித்தால் நம் ஆட்கள் யாரையும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். மூன்று பிள்ளைகள். வீட்டுக்குப் போனேன். தேநீர் ஊற்றினாள். யோஹாய் எதிரில் உட்கார்ந்து, "நாரைங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் எழுந்து போகும்வரை பூலோர் என் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு அப்போ பத்தொன்பது வயசு அக்கா. இவரை ரெண்டே தடவைதான் பாத்திருந்தேன். சால்வைக்குக் கீழ நிக்கிறேன், மூச்சே வரலை. அழுகை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. மாமியார் காலையிலயே சொல்லிட்டாங்க, அழுதுடாத, படம் எடுக்குறாங்க, ஊரே பாக்குதுன்னு. ஊரே என் மூஞ்சியைத்தான் பாத்துச்சு. இவ அழறாளா, அழறாளான்னு. அவ்னெர் அண்ணன் கேமராவைக் கண்ணுல வச்சிருந்தாரு. அதை இறக்கிட்டு என்னைப் பாத்தாரு. அப்புறம் திடீர்னு கத்தினாரு, 'அடேயப்பா, மாடியில பாருங்க!'ன்னு. எல்லாரும் திரும்பிட்டாங்க. என்கிட்ட மெதுவா, 'இப்ப உன்னை யாரும் பாக்கலை, நல்லா மூச்சு விட்டுக்கோ'ன்னாரு. மாடியில என்ன இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? ஒண்ணுமே இல்லை. அது தெரிஞ்சதும் சிரிப்பு வந்துடுச்சு. அப்போ எடுத்துட்டாரு."

நெரியோ, ஒன்றுமே இல்லை! ஒன்றுமில்லாததற்கா திரும்பினோம் என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராமல் ஆளுக்கு ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாளாம். அவரும் சொல்லவில்லை. என்னிடமும்கூட.

நான் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ரோஷேலுக்கு மனைவி இறந்து எட்டு வருஷம். ஒரே மகன், அவன் தனியாக இருக்கிறான். போன மாதம் என்னைக் கேட்டார். மூன்று நாள் யோசித்துச் சரி என்றேன். பிறகு ரப்பியிடம் போனோம். அவர் முதலில் கேட்டது, "முதல் புருஷனுக்குப் பிள்ளை உண்டா?" இரண்டாவதாகக் கேட்டது, "அவருக்குத் தம்பி உண்டா?"

உனக்குத் தெரியாததல்ல. பிள்ளையில்லாமல் ஒருவன் இறந்தால், அவன் மனைவி அவன் சகோதரனோடு கட்டுண்டவள். அவன் அவளை முறைப்படி விடுவித்தால்தான் வேறொருவரை மணக்கலாம். எப்படி விடுவிப்பது என்பதும் உனக்குத் தெரியும். ஐந்து பேர் முன்னால் நான் மண்டியிட்டு உன் காலிலிருந்து தோல் செருப்பை அவிழ்த்து எறிய வேண்டும். உன் எதிரில் தரையில் துப்ப வேண்டும். "தன் சகோதரனின் வீட்டைக் கட்டாத மனிதனுக்கு இப்படியே செய்யப்படும்" என்று சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்வது? அவர் இறந்த பிறகு ஒரு வருஷம் எனக்கு ரொட்டியும் அடுப்புக்குக் கரியும் கொண்டுவந்து போட்டவனிடமா? விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அழுகையை மறைக்கத் தும்மல் வந்ததாக நடித்தவனிடமா? உன் எதிரில் நான் துப்ப மாட்டேன், நெரியோ. ரோஷேலிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். கண்காட்சிக்கு ஆணி அடிக்க மட்டும் வருகிறார்.

இதை உன்னிடம் கேட்பதற்காக எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன். அவ்வளவுதான். கண்காட்சி ஜூன் 29.

அண்ணி


குயின்ஸ்
30 மே 1997

நெரியோவுக்கு,

பதில் இல்லை. மூன்று பேர் சமர்கந்திலிருந்து வந்துவிட்டார்கள், மூவரிடமும் கேட்டேன். "ஸ்டுடியோ பூட்டியிருக்கு" என்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமென்றால் கோபம் என்றாவது எழுது. அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு. மற்ற பக்கங்களை வைத்துக்கொள்.

அண்ணன் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று பூலோரைக் கேட்டேன். பெயர், ஊர், வருஷம், எடுத்தவர் பெயர். வேறொன்றும் வேண்டாம் என்றாள். அப்படியே செய்கிறேன்.

சிபோரா


தாஷ்கண்ட்
10 ஜூன் 1997

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்டுடியோ பூட்டியிருந்தது உண்மை. நான் தாஷ்கண்டில் விசாவுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கே கடவுச்சீட்டுப் படம் எடுத்தவன் என் படத்தைச் சரியாக எடுக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரியவில்லையாம்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். கோபம் இருந்தது. பத்து நாள் இருந்தது. உங்கள்மேல் இல்லை, அந்த முடிவெட்டுகிறவர்மேல். அண்ணன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்து நாரை, மாடி என்று பேசுவதுபோல ஒரு எரிச்சல். சாப்பிடாமல் எழுந்து போனேன். ரேனா இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அண்ணன் போய் ஏழு வருஷமாச்சு. அக்காவை இன்னும் எதுல கட்டி வச்சிருக்கு தெரியுமா? உங்க கால்ல. நீங்க பாட்டுக்கு அந்தக் காலோட சந்தைக்குப் போறீங்க வர்றீங்க." நான் ஏதோ மரியாதை, அவமானம் என்று ஆரம்பித்தேன். "உங்க மேலயா துப்பப் போறாங்க? தரையிலதான? என் தரையா இருந்தாத் தொடைக்கணுமேன்னு நானே கவலைப்படுவேன்" என்றாள்.

அப்புறம் பூலோர் சொன்னதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு அண்ணன்மேல் வந்த ஆத்திரத்தைக் கேளுங்கள்! எட்டு வருஷம் என்னைத் திட்டினாரே. "நாம சுவர் மாதிரி நிக்கணும்டா. கல்யாணத்துல கை வைக்கக் கூடாது. நடக்கிறது நடக்கட்டும், நாம எடுக்கணும், அவ்வளவுதான்." ஒரு தடவை பெண்ணின் முக்காட்டை நான் சரி செய்ததற்கு ஒரு வாரம் பேசவில்லை. அவரே ஊரையும் ரப்பியையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறார். அதுவும் சால்வைக்குக் கீழே! அன்று முழுக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ரயில் ஏறினேன்.

27ஆம் தேதி வருகிறேன். ரப்பியிடம் சொல்லி நாள் வாங்கிவிடுங்கள்.

ஒரே நிபந்தனை. அதற்கு முன்னால் ரோஷேலிடம் நான் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கழுத்தில் கத்தி வைக்கும்போது தெரியும்.

உங்கள் தம்பி,
நெரியோ


சமர்கந்து
20 ஜூலை 1997

மதிப்பிற்குரிய சிபோரா அவர்களுக்கு,

இப்படித் தொடங்குவதற்குச் சிரிக்காதீர்கள். ரப்பி கொடுத்த தாளில் நமக்குள் இருந்த கட்டு தீர்ந்தது என்று இருக்கிறது. இனி அண்ணி என்று எழுதலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இங்கே ரப்பியும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

சுகமாக வந்து சேர்ந்தேன். ரேனா தினம் ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறாள். அவளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒழுங்காக வந்துவிட்டது. உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்கள் அன்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாதிதான் தெரிந்திருக்கும்.

முடி வெட்டியதிலிருந்து தொடங்குகிறேன். ரோஷேல் துணியைக் கழுத்தில் கட்டும்போதே கை நடுங்கியது. "எப்படி வெட்டணும்?" என்றார். "பாத்து வெட்டணும்" என்றேன். கத்தியை எடுத்தார், என் கழுத்தைப் பார்த்தார், திரும்பக் கீழே வைத்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு என் கை சரியில்லை. உங்க மேல கத்தி வைக்க மாட்டேன்." கத்தரியால் வெட்டி முடித்ததில் இடது காதோரம் முடி கொஞ்சம் ஏறித்தான் போயிற்று. எனக்கு அப்போதே மனம் ஆறிவிட்டது. கை நடுங்கும்போது கத்தியைக் கீழே வைக்கிற ஆள் போதும்.

கண்காட்சியில் அண்ணன் படத்துக்கு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தீர்களே. "குண்டு வெடிச்சிருக்கும்." "இல்லைம்மா, மாப்பிள்ளையோட பழைய காதலி வந்திருப்பா." யோஹாய் வேறு நடுவில் நின்று நாரையை விரித்துக் காட்டினார். பூலோர் என்னையும் உங்களையும் ஒரு பார்வை பார்த்தாள். நாம் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சுவரையும் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் காலை. மூன்று ரப்பிகள், இரண்டு சாட்சிகள். ஒரு கிழவர் என் வலது காலைக் கழுவினார். அவர்கள் வைத்திருந்த செருப்பு எனக்குப் பெரிது. நடந்து காட்டச் சொன்னார்கள், வாத்துப்போல நடந்தேன். நீங்கள் மண்டியிட்டீர்கள். வார் முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. செருப்பை எறிந்தீர்கள். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் உங்களுக்கு எச்சில் வரவில்லை.

"அம்மா, துப்புங்க" என்றார் பெரியவர். நீங்கள் முயன்றீர்கள். ஒன்றுமில்லை. "எங்க அஞ்சு பேர் கண்ணுக்கும் தெரியணும்மா. அவசரமில்லை." மறுபடி முயன்றீர்கள். உதடு வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு ரப்பி, வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று பெரியவர் காதில் கேட்டார். எனக்குக் கேட்டது. இன்னொரு தடவை உங்களை அந்தத் தரையில் மண்டியிட வைப்பதா?

அந்த இடத்தில் நான் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசினேன்.

"அண்ணி, ஏப்ரல் மாசம். பச்சை ஆப்ரிகாட் காய். கொட்டைகூட முத்தலை. கல்லுப்புல நல்லாத் தொட்டு, நறுக்குன்னு ஒரு கடி."

உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா இருடா" என்றீர்கள். அத்தோடு வாயும் ஊறிவிட்டது. பெரியவர், "இந்த வார்த்தை வாசகத்துல இல்லை" என்றார். அவர் தாடிக்குள் சிரித்ததை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

பிறகு "சகோதரனின் வீட்டைக் கட்டாத மனிதனுக்கு" என்று சொல்லும்போது 'வீடு' என்ற இடத்தில் உங்கள் குரல் உடைந்தது. எனக்கும் அங்கேதான் உடைந்தது. "செருப்பு கழற்றப்பட்டவன்" என்று அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். அவமானம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. ரேனா இந்த இடத்தில் எப்போதும் சிரிக்கிறாள்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு முன்னால் நடப்பதா, பின்னால் நடப்பதா என்று தெரியாமல் நின்றீர்கள். நானும் அப்படித்தான் நின்றேன். நல்ல வேளை, ரோஷேல் குடையோடு வந்தார். மழைகூட இல்லை.

கல்யாணத்துக்கு இருக்க முடியவில்லை. விரத நாட்கள் கழிந்து வைத்துக்கொள்வீர்கள், என் விசா அதுவரை தாங்காது. வாழ்த்துகளை இதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரேனாவும் குழந்தைகளும் வாழ்த்துகிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நெரியோ


குயின்ஸ்
10 செப்டம்பர் 1997

அருமைத் தம்பி நெரியோவுக்கு,

மதிப்பிற்குரியவளாம்! அவர்களுக்காம்! தங்கள் உண்மையுள்ளவராம்! ரேனாவிடம் கொடுத்து உன் காதைத் திருகச் சொல். இடது காது, முடி ஏறியிருக்கும் பக்கம்.

உனக்காக அந்தப் பெரிய ரப்பியிடம் போய்க் கேட்டேன். "கட்டு தீர்ந்துச்சுன்னா உறவும் தீர்ந்துச்சா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்டத்தோட வேலை அன்னிக்கே முடிஞ்சுது. மத்ததை எங்கிட்ட ஏன் கேக்குற? அன்னிக்கு ரெண்டு பேரும் பேசினதை நானும் கேட்டேனே" என்றார். போதுமா?

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஹனானியா இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து, நேராகக் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். யார் மிதித்தார்கள் என்று அவரைக் கேட்டுக்கொள். பூலோர் நான் கிளம்பும்வரை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. ரோஷேலின் மகன் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மாலை முழுவதும் "கேளுங்களேன்" என்று கூப்பிட்டான். சோறு களியாகவில்லை.

படம் எடுத்தது அந்த அமெரிக்கப் பையன். குதிக்கச் சொல்லக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். மூன்று ரோல் எடுத்திருக்கிறான். பரவாயில்லை, கண் இருக்கிறது அவனுக்கு. எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக அச்சிட்ட தாள் இதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் ஒன்றே ஒன்று மாட்டலாம் என்று முடிவு. இங்கேதான் தகராறு. ரோஷேல் ஒன்றைக் காட்டுகிறார், நான் ஒன்றைக் காட்டுகிறேன். ஒத்துவரவில்லை. பத்து நாளாகச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

உன் பூதக்கண்ணாடியை எடு. ரேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவள் கண் உன் கண்ணைவிடத் தெளிவு. எது என்று எழுது. நான் எதைச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

உன் அண்ணி,
சிபோரா